பத்தே முக்கால் அப்டேட்

ஞாயிறு பூசை முடிந்து பதினோரு மணிக்கு வீடியோவில் பெண் பார்க்கும் ஏற்பாடு. பையன் பெனடிக்ட், போர்வெல் போடும் ரிக் வண்டிகளோடு ராய்ப்பூரில் இருந்தான். நாமக்கல்லில் பெண்ணின் அப்பா தோமினிக், தன் செல்போன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்து, சொந்தபந்தங்களை அதன் முன்னால் உட்கார வைத்தார். பத்தே முக்காலுக்கே அன்றைய இரண்டு ஜி.பி.யும் காலி.

“லேப்டாப் தானா அப்டேட்டை இறக்கிடுச்சுங்கப்பா,” என்றாள் மகள் டெபோரா, பட்டுச்சேலையும் மல்லிகையுமாக.

அந்த வாரமே மெக்கானிக்கை அழைத்து வந்து, தானாக எதுவும் இறங்காதபடி நிறுத்தி வைத்தார் தோமினிக். அடுத்த ஞாயிறும் பத்தே முக்காலுக்கு நெட் காலி. சொந்தபந்தங்கள் கேசரியை மட்டும் முடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

தோமினிக் தலையில் அடித்துக்கொண்டு பையனின் அப்பாவுக்குப் போன் போட்டார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

“கோவிச்சுக்காதீங்க. பையன் லேப்டாப்புல அப்டேட் ஓடி நெட்டு தீந்துபோச்சுங்களாம். போன வாரமும் அதேதானுங்க. ஆள் வெச்சு நிறுத்தியும் திரும்ப ஓடுதாமா!”

போனை வைத்த தோமினிக் மகளிடம் புலம்பினார். “பாரு சாமி, ரெண்டு ஊட்லயும் ஒரே பீடை!”

டெபோரா விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

“அவரு பையன் நம்பரைக் குடுங்கப்பா. நானே பேசறேன்.”

“இப்ப என்னத்தைப் பேசப் போற?”

“நிறுத்தி வெச்ச அப்டேட் தானா ஓடாதுங்கப்பா. கல்யாணம் வேண்டாம்னு நினைக்கறவங்க யாராச்சும் மெனக்கெட்டு ஆன் பண்ணோணும், நான் பண்ணின மாதிரி,” என்று தலையைக் குனிந்துகொண்டாள். “எனக்கு மாப்பிள்ளையைப் புடிச்சிருக்குதுங்க.”