கடைசிக் குழாய்

"நான் தெறக்கவே இல்ல மேடம். பொய்யா டிக் போட்டேன். அப்படியே எழுதிக்குங்க."

விடுதியின் மூன்றாவது மாடியில், கடைசி அறைக்கு முன்னால் நின்று பிளம்பர் இதைச் சொன்னார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

தண்ணீரைச் சோதிக்க வந்தவள் நான். பன்னிரண்டு வருடங்களாக இதே வேலை. தப்பு செய்தவர்கள் பேசுகிற விதம் எனக்குப் பழக்கம். தொட்டிமேல் பழி போடுவார்கள். லீவில் போன ஆள்மேல் போடுவார்கள். தானாக முன்வந்து தன்மேலேயே போட்டுக்கொண்ட ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

மராமத்துக்காக அந்த மாடியை மூடி எட்டு மாதம் ஆகிறது. ஆளில்லாத அறைகளில் தண்ணீர் குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். நின்ற தண்ணீரில் கிருமி பெருகும். பிறகு ஒருநாள் யாராவது ஷவரைத் திறந்து, அதன் தூவலை மூச்சோடு இழுப்பார்கள். கிருமி நேரே நுரையீரலுக்குப் போய்விடும்.

அதனால் வாரம் ஒருமுறை எல்லாக் குழாய்களையும் திறந்து ஓடவிட வேண்டும். அது அவர் பொறுப்பு. நடைவழிச் சுவரில் மாட்டியிருந்த அட்டையில் முப்பத்துநான்கு வாரத்துக்கும் டிக் இருந்தது.

"அண்ணே, நீங்க சொல்றத எழுதினா வேலை போயிடும்."

"போகட்டும்."

"வேற எடம் பாத்து வச்சிருக்கீங்களா?"

"இந்த வயசுல என்னை எவன் எடுப்பான்? நீங்க எழுதுங்க. கீழ போலாம், டீ சொல்றேன்."

வேலையே போகிறது என்கிற மனுஷன் டீக்கு அவசரப்பட்டார்.

"தண்ணியப் பாக்காம எதையும் எழுத முடியாதுண்ணே. தொட்டிக்கு ரொம்ப தூரத்துல இருக்கிற கடைசிக் குழாய் இதுதான். இங்க எடுத்தே ஆகணும்."

"இந்த ரூம் சாவி தொலஞ்சு போச்சு."

"மேனேஜர்கிட்ட இன்னொண்ணு இருக்கும்ல? வாங்கிட்டு வரேன்."

நான் திரும்பியதும் கையை நீட்டி மறித்தார். பிறகு தொலைந்துபோன சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

திறப்பதற்கு முன்னால் கதவை இரண்டு தடவை பலமாகத் தட்டினார். விடுதிப் பழக்கம், விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நுழைந்ததும் இடப்பக்கம் குளியலறை. நேர் எதிரே படுக்கையறைக் கதவு, சாத்தியிருந்தது. அவர் போய் அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

ஷவருக்குக் கீழே பாட்டிலைப் பிடித்துக்கொண்டு திருகினேன்.

எட்டு மாதம் நின்ற தண்ணீர் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். முதலில் குழாய் இருமும். பிறகு துரு நிறத்தில் கொட்டும். ஒரு வாடை வரும்.

இது கண்ணாடி மாதிரி வந்தது.

சுடுதண்ணீரைத் திறந்தேன். அரை நிமிடத்தில் கை வைக்க முடியவில்லை. தெர்மாமீட்டர் ஐம்பத்தெட்டைக் காட்டியது. ஷவரைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு துளையில்கூட உப்பு அடைக்கவில்லை.

வாரத்துக்கு ஒருமுறை திறக்கிற குழாய்கூட இப்படி இருக்காது. இது தினமும் ஓடுகிற குழாய்.

நிமிரும்போது வடிகால் மூடியில் ஒரு முடி சிக்கியிருப்பதைப் பார்த்தேன். ஒரு முழ நீளம். அண்ணன் தலையில் பேருக்குக்கூட ஒன்று கிடையாது.

தண்ணீரை நிறுத்தினேன்.

அவரைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கைகளையும் பின்னால் கொண்டுபோய்க் கதவோடு அழுத்தி வைத்திருந்தார்.

இந்த மாடியில் ஆளை வைத்துக்கொண்டு மற்ற குழாய்களை இவர் சும்மா விட்டிருக்க மாட்டார். அட்டையில் இருந்த முப்பத்துநான்கு டிக்கும் உண்மை. என்னை இந்த அறைக்குள் விடாமல் இருப்பதற்காகத்தான் செய்யாத தப்பைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். புகார் எழுதி, விசாரித்து, வேலையைவிட்டு அனுப்ப எப்படியும் ஒரு மாதம் ஆகும். அந்தக் கதவு திறந்தாலோ, பின்னால் இருப்பவர் இன்றைக்கே தெருவில்.

என் தாளில் இருபத்திரண்டு கேள்விகள். எல்லாமே தண்ணீரைப் பற்றியவை. நிறம். வாடை. சூடு. நின்றபடியே ஒவ்வொன்றாக நிரப்பினேன். 'வாராந்திரத் திறப்பு' என்ற இடத்தில் 'ஒழுங்காக நடக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

இரண்டு தடவை படித்தார். கதவிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்தார்.

நான் கிளம்பியிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வருடத்துப் பழக்கம் விடவில்லை. அவர் தோளுக்கு மேலே, மூடிய கதவைப் பார்த்துச் சொன்னேன்:

"ஷவரத் தெறந்ததும் உடனே கீழ போய் நிக்காதீங்க. மொதல்ல கொஞ்ச நேரம் ஓடட்டும்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். கீழே தெருவில் ஏதோ வண்டி பின்னால் எடுக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டு, நின்றது.

பிறகு உள்ளேயிருந்து, தொண்டை கட்டியது போன்ற ஒரு பெண்குரல்.

"தெரியும். தெனமும் அஞ்சு நிமிஷம் ஓடவிட்டுட்டுத்தான் அப்பா என்னைக் கூப்பிடுவாரு."