மூக்குக்கண்ணாடி அம்மா

“அந்த மஞ்சள்ல மட்டும் கை வைக்காதீங்க மேடம். அது போச்சுன்னா எனக்கு வெப்சைட்டே வேண்டாம்.”

செடிக்கடைக்காரர் கையில் பூவாளியோடு ஒற்றைக்காலில் நின்றார்.

லேப்டாப்பில் அவர் கடையின் வெப்சைட்டைத் திறந்து பார்த்த வெப்சைட்காரிக்குத் தலை சுற்றியது. இருபது வருடத் தொழிலில் எத்தனையோ கண்றாவிகளைச் சரிசெய்திருக்கிறாள். இதற்குப் பக்கத்தில் ஒன்றும் வராது. கட்டைவிரல் தடிமனில் எழுத்து. பார்க்கிற இடமெல்லாம் மாம்பழ மஞ்சள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போன் படம், அதுவும் இடது மூலையில்.

“சார், மூணு வாரமா ஒரு ஆர்டர்கூட வரலன்னு நீங்கதானே கூப்பிட்டீங்க? புது போன்கள்ல ஆர்டர் பக்கமே திறக்கல. வெப்சைட்டுக்கு அடித்தளமா இருக்கிற டெம்ப்ளேட்டை அப்டேட் பண்ணியே ஆகணும். ஆனா நீங்க செஞ்ச மாற்றத்தை எல்லாம் அந்த டெம்ப்ளேட் ஃபைலுக்குள்ளேயே எழுதி வச்சிருக்கீங்க. அப்டேட் கொடுத்தா அத்தனையும் அழிஞ்சுடும்.”

“காப்பாத்த வழியே இல்லையா?”

“இருக்கு. ஒவ்வொரு வரியா எடுத்து, அப்டேட் தொடாத தனி ஃபைல்ல வைக்கணும். ரெண்டு நாள் பிடிக்கும்.”

“ஓ, ஒட்டுக் கட்டுற மாதிரி. அடி புதுசு, கிளை பழசு.” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “கட்டிடுங்க.”

“உங்களுக்கு வேற வேலை இல்லையா?” டீயோடு உள்ளே வந்தாள் அவர் மனைவி. “இன்னும் ரெண்டு நாள் கடை சும்மா கிடக்கணுமா? பழசை எல்லாம் தூக்கிப் போடச் சொல்லுங்க.”

“அப்ப மூக்குக்கண்ணாடி அம்மா என்ன பண்ணுவாங்க?”

“யார் சார் அது?” என்றாள் வெப்சைட்காரி.

“யாருன்னு தெரியாது மேடம். பதினோரு வருஷத்துக்கு முன்னால வெப்சைட்ல புகார் எழுதினாங்க. பேர் கிடையாது. ‘மூக்குக்கண்ணாடி போட்ட வயசான அம்மா’ன்னு மட்டும் இருக்கும். எழுத்து சின்னதா இருக்குன்னாங்க, பெரிசாக்கினேன். பச்சையில பச்சை எழுத்து, இலையில உட்கார்ந்த புழு மாதிரி இருக்குன்னாங்க, மஞ்சளாக்கினேன். இப்ப திடீர்னு மாத்தினா அந்த அம்மா தடுமாறிப் போயிடுவாங்க.”

வாசலில் மண் லாரி ஹாரன் அடித்தது. அவர் பூவாளியை வைத்துவிட்டு ஓடினார்.

மனைவி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், வெளியே விட்டுடாதீங்க. அந்த அம்மா நான்தான்.”

வெப்சைட்காரிக்கு டீ புரை ஏறியது.

“எனக்குக் கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அப்ப அடிக்கடி இங்க செடி வாங்க வருவேன். இந்த மனுஷன் செடிகிட்ட பேசுவார், தொட்டிகிட்ட பேசுவார், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். ஒருநாள் கோபத்துல வீட்டுக்குப் போய் ஒரு புகார் எழுதிப் போட்டேன். வயசானவங்கன்னா இரக்கப்படுவாரேன்னு ஒரு பொய். மறுநாள் பார்த்தா எழுத்து பெரிசா இருக்கு. நாம சொன்னதைக் கேட்கவும் ஒரு ஆள் இருக்காரேன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்புறம் வாரம் ஒரு புகார்.”

“அந்த போன் படம்?”

“அதுதான் கடைசி. செடி வாடினா யாரைக் கேட்குறதுன்னு எழுதினேன். ‘கூப்பிடுங்க, நேர்ல வரேன்’னு நம்பரோட போட்டுட்டார். முதல் போன் என்னோடதுதான், சொந்தப் பேர்ல. நல்லா இருந்த ரோஜாவுக்கு நாலு நாள் தண்ணி ஊத்தாம வாட வச்சேன்.”

“செடி பிழைச்சுதா?”

“செடி போச்சு. கல்யாணம் ஆச்சு.”

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு மனைவியின் முகம் வாடியது.

“அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அப்பாவி. இல்லாத ஒரு கிழவிக்காகக் கடையை முடக்கிட்டு உட்கார்ந்திருக்கார். பார்க்கப் பார்க்க எனக்கு உறுத்துது. காப்பாத்த முடியலன்னு சொல்லி அழிச்சுடுங்க. எனக்குப் புண்ணியமாப் போகும்.”

வெப்சைட்காரிக்கும் அதுதான் சுலபம். அப்டேட் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனாள். அழிக்கும் முன் ஃபைலைக் கடைசி வரி வரைக்கும் பார்த்துவிடுவது அவள் பழக்கம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேலே, வெப்சைட்டைப் பார்ப்பவர் கண்ணில் படாதபடி, செடிக்கடைக்காரர் தேதி போட்டுக் குறிப்பு எழுதியிருந்தார். எழுத்து, மஞ்சள், போன் படம். எல்லாம் முடிந்த பிறகு, அடியில் இன்னும் ஒரு குறிப்பு இருந்தது.

படித்தாள். பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“என்ன எழுதியிருக்கு? எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் கிறுக்கல் ஒண்ணும் புரியாது” என்றாள் மனைவி.

“அடுத்து வர்ற மெக்கானிக்குக்கு எழுதின குறிப்பு, அக்கா.” அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “ரெண்டு நாள் ஆனா ஆகட்டும். ஒரு வரி விடாம ஒட்டுக் கட்டித் தரேன்.”

திரையில் இருந்தது இதுதான்:

‘கல்யாணமான மூணாம் நாள். பச்சைச் சட்டையோட செடிகளுக்கு நடுவுல நின்னேன். இலையில உட்கார்ந்த புழு மாதிரி இருக்கீங்கன்னு சிரிச்சா. மூக்குக்கண்ணாடி அம்மா யாருன்னு தெரிஞ்சுபோச்சு. சொன்னா கூச்சப்படுவா, அதனால சொல்லப் போறதில்ல. இந்த ஃபைல்ல யார் கை வச்சாலும் தயவுசெஞ்சு எதையும் அழிச்சுடாதீங்க.’