பனி மூடிய விமானம்

விமானத்தின் கண்ணாடி மறுபடியும் பனி மூடியதுபோல் வெளுத்துவிட்டது. விமானி உட்காரும் இடமே தெரியவில்லை.

“கலப்படச் சரக்கை என் தலையில கட்டிப்போட்டியே தம்பி!” என்று அந்த உள்ளங்கை அகல விமானத்தை நீட்டினார் அரங்கசாமி. ஈரோட்டில் மஞ்சள் மண்டி நடத்தியவர். மூட்டைக்குள் கைவிட்டதுமே ஈரம் சொல்லிவிடுவார். அவரை ஏமாற்றியவன் என்று சந்தையில் ஒருத்தன் கிடையாது.

பொம்மை விமானக் கடைக்காரன் தல்ஹா, போனில் வாங்கிய ஏச்சுக்குப் பயந்து சரவணம்பட்டி வீட்டுக்கே வந்திருந்தான். இன்னும் ஒட்டாமல் இருந்த கண்ணாடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

“எப்படிங்கய்யா தொடைக்கிறீங்க?”

“நீ சொன்னாப்புலதான். பஞ்சுல பல்லுப் பேஸ்ட் தொட்டுத் தேச்சு, அலசி, தரைக்குப் போடற பாலிஷ்ல முக்கி எடுக்கறேன். பளிங்காட்டம் ஆயிருது. தூசி படியாம இந்தப் போசியக் கவுத்து மூடி வெக்கறேன். மத்தியானம் தூங்கி எந்திரிச்சுப் பாத்தா மறுக்கா மாவு பூசுனாப்புல நிக்குது!”

“சூப்பர் குளூ போட்டீங்களா? அதோட ஆவி பட்டாத்தான் இப்படி வெளுக்கும்.”

“நீ வேண்டாம்னதுக்கப்பறம் நான் அதத் தொடவே இல்ல சாமி.”

துளசிமணி காபியோடு வந்தாள். அரங்கசாமி மனைவியைக் காட்டிச் சிரித்தார்.

“இந்த அம்மணிகிட்டப் பேசி முடிச்சிருக்கறேன். விமானம் முடியற வரைக்கும் ஊசி போட்டுக்கறது. முடிஞ்ச அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு பெரிய கும்புடு. அப்பறம் யாரும் என்னைய இழுத்துட்டுப் போவக்கூடாது. பேசுனா பேசுனதுதான்.”

பேச்சில் மண்டிக்காரர் அப்படியே இருந்தார். சட்டைதான் வேறு யாருடையதோபோல் தோளில் தொங்கியது.

தல்ஹா அந்தப் போசிப் பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்தான். உள்விளிம்பில் ஒரு சொட்டு, வெள்ளையாய்க் காய்ந்திருந்தது. காபி டம்ளரை வாங்கும்போது துளசிமணியின் விரல் நுனியைப் பார்த்தான். அங்கேயும் அதே வெள்ளை, தோலோடு இறுகிக் கிடந்தது. அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நிமிரவில்லை.

போசியை மெல்லக் கவிழ்த்து வைத்தான் தல்ஹா.

“சரக்குதானுங்கய்யா கோளாறு. தப்பு எம்மேலதான். நீங்க தொடச்சுட்டே இருங்க, ஒருநாள் சரியாயிரும்.”

“பாத்தியா அம்மணி, ஒத்துக்கிட்டான்!” என்று தொடையைத் தட்டினார் அரங்கசாமி. சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. துளசிமணி அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். இருமல் அடங்கியதும் வெந்நீர் வைக்கச் சமையலறைக்குப் போனாள்.

தல்ஹா கிளம்பினான். சுவரைப் பிடித்தபடி லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தார் அரங்கசாமி. ஒருமுறை சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரல் இறங்கியது.

“தம்பி, போன்ல திட்டி உன்னைய வரவெச்சதே இதுக்குத்தான். அவகிட்ட அந்தப் பசை தீந்துபோச்சு. நாளைக்கு ஒண்ணு கொண்டாந்து குடு.”

லிஃப்ட் கதவு மூடும்போது அவசரமாகச் சேர்த்துச் சொன்னார்.

“எனக்குத் தெரியாமக் குடுத்துரு.”