சில்வண்டின் சுருதி

நாவல் மரத்தில் அன்று மாலை கரிச்சான் குருவியின் முதல் கச்சேரி. கிளை நிறைய மைனாக்களும் அணில்களும் உட்கார்ந்திருந்தன. சுருதிக்கு ஒரு சில்வண்டு வந்திருந்தது. வழக்கப்படி அது பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்து, இறக்கைகளை உரசி ஒரே சுரத்தை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

முதல் பாட்டின் பாதியில் கரிச்சான் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டது. அத்தனை கண்களும் அதன் மேலேயே இருந்தன. அடுத்த வரி மறந்துபோய் பாட்டு நின்றது. பறந்து போய்விடலாம் என்று இறக்கையை விரித்த நேரத்தில், பின்னால் சுருதி இன்னும் பலமாக எழுந்தது. கரிச்சான் கண்ணை மூடி அந்தச் சுரத்தை மட்டும் கவனித்தது. மூச்சு சீரானது. விட்ட வரி தானாக வந்தது.

கச்சேரி முடிந்ததும் கரிச்சான் திரும்பிக் கும்பிட்டது. "நீங்க நிறுத்தாம இருந்ததாலதான் பிழைச்சேன். உங்களுக்குப் பயமே கிடையாதா?"

"நடுங்கிட்டேதாங்க இருந்தேன்," என்றது சில்வண்டு. "போன வாரம் எங்க சித்தப்பாவைச் சாப்பிட்டது நீங்கதானே. பாடுற வரைக்கும் உங்க அலகுக்கு வேலை இருக்கும். பாட்டு நின்னதும் எனக்கு உயிரே போயிடுச்சு. எப்படியாவது உங்களை மறுபடி பாட வைக்கணும்னுதான் அவ்வளவு சத்தமா இழுத்தேன்."

கரிச்சான் நகர்ந்து இடம் விட்டது. "அடுத்த கச்சேரிக்கு என் பக்கத்துல உட்காருங்க."

கரிச்சானுக்குப் பழம் என்றாலே பிடிக்காது. மறுநாள் காலை, முகத்தைச் சுளித்துக்கொண்டே ஓர் அத்திப்பழத்தைக் கொத்தியது.