ரெண்டு வெள்ளிக் கால்

"அண்ணாச்சி, வெள்ளியில சின்னதா ரெண்டு கால் குடுங்க. கோயில்ல செலுத்தணும், நேர்த்திக்கடன்."

தென்காசியில் வெள்ளிக்கடை வைத்திருக்கும் இசக்கிமணி, டப்பாவைத் திறந்தார்.

"யாருக்கும்மா கால்ல சொகமில்ல?"

"எங்க அப்புக்குத்தான். அவன் அண்ணன்காரன் ஒரு காலைக் கடிச்சுத் துண்டாக்கிட்டான்" என்றாள் ஆனந்தவள்ளி, முகமெல்லாம் சிரிப்பாக.

"கடிச்சா?"

"டாக்டர் சொன்னாருன்னு பத்து நாள் ஃப்ரிட்ஜுக்குள்ள படுக்க வச்சிருந்தோம். இப்பம் புதுசா முளைச்சிட்டு!"

இசக்கிமணி இரண்டடி பின்வாங்கினார். அவள் செல்போனை நீட்டினாள். கண்ணாடித் தொட்டிக்குள், தலையின் இருபுறமும் சிவப்புக் குஞ்சங்களோடு, இளித்துக்கொண்டிருந்தது, பல்லி போன்ற நீர்வாழ் பிராணியான ஓர் ஆக்ஸலாட்டல்.

"அட, இதா! இதுக்குக் கால் தானா முளைக்கும்னு எம்மவ சொல்லுவாளே. சரி, போனது ஒத்தக் கால்தான? எதுக்கு ரெண்டு வாங்குத?"

"நான் முப்பிடாதி அம்மனுக்கு நேர்ந்தேன். அது தெரியாம எங்க வீட்டுக்காரர் பண்பொழி முருகனுக்கு நேர்ந்துட்டாரு."

"அதனால என்ன?"

அவள் படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

"எண்ணிப் பாருங்க அண்ணாச்சி, அஞ்சு கால்! ரெண்டு சாமியும் ஆளுக்கொண்ணு குடுத்துட்டாங்க!"