எட்டு கவுன்கள்

பூட்டிக் கிடந்த பிரசவ ஆஸ்பத்திரியை விலைக்கு வாங்கி, மருந்து கொடுத்த அறையில் சமைக்கவும் வார்டில் படம் வரையவுமாகத் தமயந்தி குடிவந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அதுவரை ஒருவரும் கதவைத் தட்டவில்லை. அன்று காலை ஒரு கை மட்டும் வார்டு ஜன்னலுக்குள் நுழைந்து, புதுப் பாவாடை சட்டை ஒன்றை உள்ளே போட்டது.

"யாரும்மா அது?"

வெளியே நின்ற பெண் பதறிவிட்டாள். "அய்யோ, ஆளு இருக்கீங்களா? எம்பொண்ணு இங்கதாம்மா பொறந்தா. மறுநாளே போயிட்டா. கொஞ்ச நாள்ல ஆஸ்பத்திரியையும் பூட்டிட்டாங்க. வருசா வருசம் அவ பொறந்த நாளுக்கு ஒரு துணி வாங்கி இப்படிப் போட்டுட்டுப் போவேன். இன்னைக்கு ஒம்போது முடியுது."

தமயந்தி ஜன்னலடியைப் பார்த்தாள். குடிவந்த அன்று அந்த ஜன்னலடியில், ஒன்றைவிட ஒன்று பெரிதாக எட்டு கவுன்கள் கிடந்தன. யாரோ வேண்டாமென்று எறிந்தவை என்று நினைத்து, தூரிகை துடைக்க வைத்துக்கொண்டிருந்தாள். இப்போதும் ஒன்று கையில்தான் இருந்தது. பாவம், மறைக்கவும் நேரமில்லை.

"தெரியாம பண்ணிட்டேம்மா" என்று கம்பி வழியாக அதை நீட்டினாள்.

அந்தப் பெண் வாங்கி விரித்தாள். நெஞ்சில் மஞ்சள், கைகளில் நீலம், மடிநிறையச் செம்மண் நிறம். மஞ்சளை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"எப்படி அழுக்காக்கி வெச்சிருக்கா பாருங்க" என்றாள். "மத்ததையும் எடுத்தாங்கம்மா, தொவைச்சுக் கொண்டாறேன்."