ஆறு நிமிடம்

செண்பகவல்லி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சட்டசபையின் புதிய விதியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பன்னிரண்டு ஆண்டுகளாகச் செயல்படுத்தப்படாத தீர்மானங்கள் இனி செய்து முடிக்கப்பட்டவையாகவே கொள்ளப்படும். பட்டியலில் எங்கள் ஊர் ஓடைப் பாலமும் இருந்தது.

“அப்போ பாலம் வந்துட்டுன்னு சொல்லுங்க. வேட்டி நனையாம ஒரு எட்டு போயிட்டு வாங்களேன்” என்று என் மனைவி சிரித்தாள்.

மறுநாள் மதியம் அவளுக்கு நெஞ்சுவலி வந்தது. ஓட்டுநர் இல்லாத ஆம்புலன்ஸ், வரைபடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பாலத்தை நம்பி வந்து, ஓடையின் அக்கரையில் நின்றது. அதன் விளக்கு சுழல்வது எங்கள் வாசலுக்குத் தெரிந்தது.

“பாலமே கிடையாதும்மா, சுத்தி வரச் சொல்லுங்க!” என்று ஃபோனில் கத்தினேன்.

“பாலத்துல ஏதோ தடங்கல்னு காட்டுது சார். சரியானதும் வந்துரும்” என்றது பெண்குரல்.

வண்டி சுற்றிவந்து சேர்ந்தபோது அவள் உயிரோடு இல்லை.

நான் மனு கொடுத்தேன். வரைபடத்திலிருந்து பாலத்தை நீக்கும் தீர்மானம் சபையில் ஒருமனதாக நிறைவேறியது. நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வரைபடத்தில் இன்றும் எங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு ஆறு நிமிடம்தான்.